வளைவுக்கு வெளிச்சம், ஆய்வுகூடத்துக்குப் பூட்டு



கொஞ்சம் நீண்ட பதிவு. ஊர் மக்கள், பெற்றோர், பழைய மாணவர்கள் எல்லோரும் பொறுமையாக வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். கோபம் வந்தால் கீழே திட்டலாம். கடைசி வரி வரைக்கும் வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

கடந்த வாரம் நமது பாடசாலை அபிவிருத்திக் கூட்டம் நடந்தது. பழைய மாணவர்கள் உள்ளூரிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் சேர்த்துத் தந்த பணம் கையில் இருக்கிறது. அல்லாஹ் அவர்களின் உழைப்பில் பரக்கத் செய்வானாக. அந்தப் பணத்தில் என்ன செய்யலாம் என்ற பேச்சு இருபது நிமிடத்தில் முடிந்துவிட்டது. நுழைவாயிலில் எல்.ஈ.டி. பொருத்திய வளைவு. இரவில் நிறம் மாறி மாறி எரியும். பிரதான வீதியால் போகிறவர்களுக்குப் பாடசாலையின் பெயர் பளிச்சென்று தெரியும்.

முதலில் ஆய்வுகூடத்தைத் திருத்துவோம் என்று நாம் சொன்னோம். "அதைப் பிறகு பார்ப்பம் சேர்" என்றார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு வாப்பா கேட்டார்: "அந்த லெப்புக்குள்ள இப்ப என்னதான் சேர் நடக்குது?"

எம்மிடம் பதில் இருக்கவில்லை. கூட்டத்தில் வாய்மூடி இருந்ததற்கான பதிலைத்தான் இங்கே எழுதுகிறோம்.

உண்மையைச் சொல்லிவிடுகிறோம். அந்த ஆய்வுகூடத்தில் ஒன்றும் நடப்பதில்லை. சுவரில் இப்னுல் ஹைதமின் படம் ஒன்று தொங்குகிறது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்து 'கிதாபுல் மனாழிர்' எழுதிய அதே அறிஞர். கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் போய்ப் பொருளைத் தொடுகிறது என்று பெரிய பெரிய அறிஞர்கள் நம்பியிருந்த காலத்தில், ஒளிதான் கண்ணுக்குள் வருகிறது என்று நிறுவியவர். வாயால் வாதாடி நிறுத்திக்கொள்ளவில்லை. இருட்டறையில் துளையிட்டு ஒளியைச் சோதித்துப் பார்த்து நிறுவினார். மீலாத் விழா வந்தால் "ஒளியியலின் தந்தை நம்மவர்" என்று மேடையில் பேசுகிறோம். அவருடைய படம் தொங்கும் அறையையோ பூட்டி வைத்திருக்கிறோம்.

திறப்பு எங்கே என்று கேட்பீர்கள். எம்மிடம்தான் இருந்தது. இந்தக் குற்றத்தில் முதல் பங்கு ஆசிரியர்களாகிய எமக்கு. ஒரு முகவை உடைந்தால் இன்வென்டரி புத்தகத்துக்கு யார் பதில் சொல்வது என்ற பயம். பாடத்திட்டம் முடியவில்லை என்ற அவசரம். ஆண்டுகள் போய்விட்டன. அலுமாரியில் இருந்த மக்னீசியம் நாடாச் சுருள், வந்த நாளில் எவ்வளவு நீளமாக இருந்ததோ அவ்வளவு நீளமாகவே இருக்கிறது. நிறம் மட்டும் வெள்ளியிலிருந்து சாம்பலாக மாறியிருக்கிறது.

இதனால் என்ன நட்டம்? கடந்த தவணையில் தரம் 11 வகுப்பில் நடந்ததைக் கேளுங்கள்.

மீட்டல் பாடம். கடந்தகால வினாத்தாள் ஒன்று. டோர்ச் ஒளிரும்போது நடக்கும் சக்தி மாற்றம் என்ன? எல்லாப் பிள்ளைகளும் சரியாக எழுதினார்கள். இரசாயன சக்தி மின் சக்தியாகி, மின் சக்தி ஒளியாகவும் வெப்பமாகவும் மாறுகிறது. முழுப் புள்ளி. நாம் ஒரு டோர்ச்சை மேசையில் வைத்து, "இதைக் கழற்றி, அந்த இரசாயனத் தாக்கம் எந்த இடத்தில் நடக்கிறது என்று ஒருவர் காட்டுங்கள்" என்றோம்.

ஒருவரும் எழும்பவில்லை.

கடைசியில் ஒரு பிள்ளை தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "சேர், பெட்டரிக்குள்ள நெருப்பா இரிக்கி?"

வகுப்பே சிரித்தது. நாம் சிரிக்கவில்லை. அன்று அந்த வகுப்பில் கேட்கப்பட்ட ஒரேயொரு விஞ்ஞானக் கேள்வி அதுதான். அது பாதிக்கு மேல் சரியான கேள்வியும்கூட.

அடுத்த நாள் நான்கு தேசிக்காய், நாகம் பூசிய நான்கு ஆணி, உள்ளே செப்புக் கம்பி உள்ள பழைய வயர்த் துண்டு, ஒரு சின்னச் சிவப்பு எல்.ஈ.டி. கொண்டுபோனோம். ஒவ்வொரு தேசிக்காயிலும் ஒரு பக்கம் ஆணி, மறுபக்கம் செம்பு. ஒன்றின் செம்பை அடுத்ததன் ஆணியோடு தொடுத்துக்கொண்டு போக வேண்டும். ஒரு தேசிக்காய் தருவது ஒரு வோல்ட்டுக்கும் கொஞ்சம் குறைவு. சிவப்பு எல்.ஈ.டி.க்கு ஏறத்தாழ 2 வோல்ட் வேண்டும். அதனால்தான் நான்கு.

முதல் தடவை ஒளிரவில்லை. நாம் ஒன்றும் சொல்லாமல் நின்றோம். ஐந்து நிமிடம் ஒரே சத்தம். பிறகு ஒரு மாணவன் எல்.ஈ.டி.யின் இரண்டு கால்களையும் மாற்றிப் பிடித்தான். நீளக் கால் செம்புப் பக்கம், கட்டைக் கால் ஆணிப் பக்கம். ஜன்னலை மூடியபோது ஒரு சின்னச் சிவப்புப் புள்ளி தெரிந்தது. அந்தப் பிள்ளைகள் போட்ட சத்தத்துக்கு அதிபர் எழும்பி வந்துவிட்டார்.

பிறகுதான் பாடம் தொடங்கியது. "கரண்ட் தேசிக்காய்க்குள்ள இரிக்கி" என்றார்கள். அப்படியென்றால் ஆணியை எடுத்துவிட்டு இரண்டு பக்கமும் செம்பைக் குத்துங்கள் என்றோம். அணைந்துவிட்டது. தேசிக்காய் அதே தேசிக்காய்தான். ஆக, சக்தி தேசிக்காயில் இல்லை. நாகம்தான் மெல்ல மெல்லக் கரைந்து தன் இலத்திரன்களை விட்டுக்கொடுக்கிறது. கடையில் வாங்கும் பெட்டரியிலும் அதே நாகம்தான் கரைகிறது. மறுமுனையில் இருக்கும் மங்கனீசு ஈரொட்சைட்டு அந்த இலத்திரன்களை வாங்கிக்கொள்கிறது.

இப்போது அந்தப் பிள்ளையின் கேள்விக்கு வருவோம். மக்னீசியத்தைப் பற்றவைத்தால் அது தன் இலத்திரன்களை ஒட்சிசனுக்கு நேரடியாக, அந்த இடத்திலேயே கொடுக்கிறது. எல்லாச் சக்தியும் ஒரே இடத்தில், ஒரே நொடியில் வெப்பமாகவும் கண் கூசும் வெள்ளை ஒளியாகவும் வெளியேறுகிறது. அதுதான் நெருப்பு. பெட்டரிக்குள் கொடுக்கிறவரையும் வாங்குகிறவரையும் பிரித்து வைத்திருக்கிறார்கள். இலத்திரன் வெளியே கம்பி வழியாகச் சுற்றித்தான் போகலாம். அந்தப் பாதையின் நடுவில் நாம் பல்பைப் போட்டு வைக்கிறோம். பெட்டரிக்குள் இருப்பது நெருப்பில்லை மகள். ஆனால் நெருப்பில் நடக்கும் அதே கொடுக்கல் வாங்கல்தான் அங்கே அமைதியாக, ஒரு ஒழுங்கோடு நடக்கிறது.

இதைப் பதினொரு வருடப் படிப்பில் ஒரு தடவையும் அந்தப் பிள்ளைகளுக்கு நாம் காட்டவில்லை. அம்புக்குறி போட்டு மனனம் செய்ய வைத்தோம்.

ஒரு பாட வேளை போதும். பலகையில் நான்கு அறை கீறலாம். ஒளி பிறக்க இரண்டு பெரிய வழிகள் உண்டு. ஒன்று, பொருள் கடுமையாகச் சூடாகி ஒளிர்வது. மற்றது, சூடாகாமலே, சக்தி பெற்ற இலத்திரன் கீழ்நிலைக்கு இறங்கும்போது அந்தச் சக்தியை ஒளியாக விடுவது. இந்த இரண்டையும் இரசாயனத் தாக்கத்தாலும் செய்யலாம், மின்சாரத்தாலும் செய்யலாம்.

மெழுகுவர்த்தி இரசாயனச் சூடு. அதன் மஞ்சள் ஒளி, எரியாமல் மிஞ்சிய காபன் துகள்கள் சூட்டில் ஒளிர்வது. நம்பாவிட்டால் சுவாலையில் ஒரு குளிர்ந்த கரண்டியை ஒரு நொடி பிடித்துப் பாருங்கள், கரி படியும். பழைய மஞ்சள் பல்ப் மின்சாரச் சூடு. உள்ளே இருக்கும் டங்ஸ்டன் இழை சூடாகி ஒளிர்கிறது. வாங்கும் மின்சாரத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவுதான் கண்ணுக்குத் தெரியும் ஒளி, மிச்சமெல்லாம் வெப்பம். எல்.ஈ.டி. மின்சாரத்தால் வரும் சூடில்லா ஒளி. மின்மினிப் பூச்சியும், பெருநாள் கடைகளில் பிள்ளைகள் வாங்கும் ஒளிரும் குச்சியும் இரசாயனத்தால் வரும் சூடில்லா ஒளி.

அந்தக் குச்சியை வளைக்கும்போது "டிக்" என்று ஒரு சத்தம் வரும். உள்ளே இருக்கும் மெல்லிய கண்ணாடிக் குழாய் உடைந்து, இரண்டு திரவங்கள் கலக்கின்றன. ஐதரசன் பேரொட்சைட்டு நடத்தும் தாக்கத்தின் சக்தியைச் சாயம் வாங்கி ஒளியாக விடுகிறது. ஒரு குச்சியை ஐஸ் தண்ணீரிலும் ஒன்றை இளஞ்சூட்டுத் தண்ணீரிலும் போடுங்கள். ஐஸில் கிடப்பது மங்கலாக, நீண்ட நேரம் ஒளிரும். சூட்டில் கிடப்பது பளிச்சென்று ஒளிர்ந்து சீக்கிரம் ஓயும். வெப்பநிலை கூடினால் தாக்க வேகம் கூடும் என்று புத்தகத்தில் இருக்கும் வரி இதுதான். பெருநாள் இரவில் நமது பிள்ளைகளின் கையிலேயே அந்தப் பாடம் இருந்திருக்கிறது. நாம்தான் சொல்லிக்கொடுக்கவில்லை.

"இதெல்லாம் தெரிந்து என்ன ஆகப்போகுது?" என்று கேட்பவர்களுக்கு நமது ஊரிலேயே நடந்த இரண்டு விடயங்களைச் சொல்கிறோம்.

முதலாவது. ஓர் இரவு கடல் அலை நீலமாக மினுங்கியது. அரை மணித்தியாலத்துக்குள் ஒரு வொய்ஸ் கிளிப் ஊர் முழுக்கப் பரவியது. கடலுக்கடியில் வெடித்துவிட்டது, சுனாமி வருகிறது, எல்லோரும் ஓடுங்கள் என்று. 2004இல் பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்த உம்மாமார் இந்த ஊரில் இருக்கிறார்கள். அவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிவாசல் முற்றத்தில் நின்று அழுததை நாம் கண்ணால் கண்டோம். வயதான மீனவர் ஒருவர்தான் "வலை இழுக்கிற காலத்தில இருந்து இதப் பாக்கிறம், ஒன்டுமில்ல, வீட்ட போங்க" என்று அமைதிப்படுத்தினார். படித்தவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் நாம் என்ன செய்தோம்? அந்தக் கிளிப்பை இன்னும் நான்கு குரூப்புக்கு அனுப்பினோம். கடலில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் இருக்கின்றன. அலை அடித்து அவை குலுங்கும்போது, அவற்றின் உடலுக்குள் ஒட்சிசனோடு நடக்கும் ஒரு தாக்கம் நீல ஒளியைத் தருகிறது. மின்மினியின் உறவுக்கார வெளிச்சம்தான். இதை ஒரு தரம் 11 பிள்ளை மைக்கில் சொல்லியிருந்தால், அந்த உம்மாமாருக்கு அந்த இரவு மிஞ்சியிருக்கும்.

இரண்டாவது. 2022 மார்ச் கடைசியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் கட். மண்ணெண்ணெய்க்கும் வரிசை. அந்த நேரத்தில்தான் காந்தமும் ஸ்பார்க் பிளக்கும் வைத்து பல்ப் எரிக்கும் வீடியோக்கள் எல்லோருடைய போனிலும் வந்தன. அதற்குப் பிறகு, சுவரில் குத்தினால் பில் பாதியாகும் என்ற ஒரு பெட்டியைச் சிலர் வீடு வீடாக விற்றுவிட்டுப் போனார்கள். ஒன்றைக் கழற்றிப் பார்த்தோம். உள்ளே ஒரு கொள்ளளவி, ஒரு பச்சை எல்.ஈ.டி. விளக்கு, அவ்வளவுதான். நமது வீட்டு மீற்றர் கணக்கெடுக்கும் மின்சாரத்தை அது ஒரு அலகுகூடக் குறைக்காது. ஆனால் 60 வாட்ஸ் மஞ்சள் பல்ப்பைக் கழற்றி 9 வாட்ஸ் எல்.ஈ.டி. போட்டால் உண்மையிலேயே குறையும். ஒரு நாளைக்கு 5 மணித்தியாலம் எரித்தால் மாதம் 9 அலகு செலவாகும் இடத்தில் ஒன்றரை அலகுக்கும் குறைவுதான் போகும். இந்தக் கணக்கு தரம் 11 புத்தகத்தில் இருக்கிறது. அந்தப் பெட்டியை வாங்கிய வீடுகளில் அந்தப் புத்தகத்தைப் படித்த பிள்ளைகளும் இருந்தார்கள்.

தெரிந்தவர் என்ன செய்வார் என்பதற்கு நமது நாட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. டொக்டர் விஜய கொடகும்புர, சத்திரசிகிச்சை நிபுணர். போத்தலில் திரி போட்ட மண்ணெண்ணெய் விளக்குகள் சரிந்து பிள்ளைகளும் பெண்களும் எரிந்து வருவதை வைத்தியசாலையில் பார்த்தவர். "கவனமாக இருங்கள்" என்று புத்தி சொல்வதோடு நிறுத்தவில்லை. விளக்கையே மாற்றினார். கட்டையான, பாரமான, தடித்த கண்ணாடிப் போத்தல். உருளாமல் இருக்க இரண்டு பக்கம் தட்டை. எண்ணெய் சிந்தாமல் இருக்கத் திருகும் உலோக மூடி. இலட்சக்கணக்கில் அந்த விளக்குகள் ஏழைகளின் வீடுகளுக்குப் போயின. 1998இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. ஒரு சுவாலை எப்படி எரிகிறது, எண்ணெய் எப்போது பற்றுகிறது, பாரம் எங்கே இருந்தால் சரியாது என்று யோசித்த ஒரு மனிதரால் எத்தனை குடும்பங்கள் தப்பின!

இனி, கூட்டத்தில் சொல்லப்பட்ட சாட்டுகளுக்கு வருவோம்.

"ஓஎல்லில் செய்முறைக்கென்று தனிப் பரீட்சை இல்லையே சேர், பிறகு ஏன்?" இல்லைதான். ஆனால் எல்.ஈ.டி.யின் கால்களை மாற்றிப் பிடித்த அந்த மாணவன் இருவாயியைப் பற்றி இனி ஒருநாளும் பிழையாக எழுதமாட்டான். மனனம் செய்தவன் வினாவைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டாலே தடுமாறுகிறான். உயர்தரத்தில் விஞ்ஞானம் எடுத்து ஆறு மாதத்தில் கலைப் பிரிவுக்கு மாறும் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். கலைப் பிரிவு குறைவானது என்று நாம் சொல்லவில்லை. விரும்பிப் போவது வேறு, பயந்து ஓடுவது வேறு.

"நெருப்பு, இரசாயனம் என்றால் ஆபத்து." ஆபத்துதான். அதனால்தான் ஆசிரியரும், கண்ணாடியும், குறடும், வாளியில் மணலும். மக்னீசியம் எரியும்போது நேராகப் பார்க்கக் கூடாது என்று சொல்லிக்கொடுக்கும் இடம் ஆய்வுகூடம். உங்கள் வீட்டில் சொல்லிக்கொடுக்க யார் இருக்கிறார்கள்? மினுங்கும் விளையாட்டுச் சாமான்களுக்குள் இருக்கும் பட்டன் பெட்டரியைச் சின்னப் பிள்ளை விழுங்கினால், அது தொண்டைக் குழாயில் சிக்கி, ஈரத்தில் மின்னோட்டம் போய், கடுமையான காரம் உண்டாகி, இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே உள்ளே பொசுக்கிவிடக்கூடும். உடனே வைத்தியசாலைக்கு ஓட வேண்டும், காத்திருக்கக் கூடாது. இது எத்தனை பெற்றோருக்குத் தெரியும்? ஆபத்து ஏற்கனவே உங்கள் கட்டிலுக்குக் கீழே கிடக்கிறது. ஆய்வுகூடத்தைப் பூட்டியதால் அது குறையவில்லை, அதைப் பற்றிய அறிவுதான் குறைந்தது.

"யூடியூபில் எல்லாம் இருக்கிறது." இருக்கிறது. ஸ்பார்க் பிளக் வீடியோவும் அங்கேதான் இருக்கிறது. தன் கையால் ஒரு தடவையும் செய்து பார்க்காத கண்ணுக்கு எது உண்மை, எது ஏமாற்று என்று எப்படித் தெரியும்?

"பணம் இல்லை." வளைவுக்கு இருக்கும் பணம் ஆய்வுகூடத்துக்கு மட்டும் எப்படி இல்லாமல் போகும்? தேசிக்காய்ப் பரிசோதனைக்கு ஒரு டோர்ச்சின் விலைகூடப் போகவில்லை.

வளைவு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆய்வுகூடம் முதலில், வளைவு பிறகு. அந்த வளைவில் எரியப்போகும் நீல எல்.ஈ.டி.க்கும் ஒரு கதை இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்.ஈ.டி. 1962இலேயே வந்துவிட்டது. பிரகாசமான நீலம் வர 1990களின் ஆரம்பம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நீல ஒளிக்கு இலத்திரன் பெரிய படியிலிருந்து இறங்க வேண்டும். அதற்குத் தோதான பளிங்கை வளர்க்கப் பலரால் முடியாமல் போனது. அகாசாகி, அமானோ, நகமுரா என்ற மூன்று பேர் விடாமல் ஆய்வுகூடத்தில் கிடந்து அதைச் செய்தார்கள். 2014இல் நோபல் பரிசு. இன்று நமது வீடுகளில் எரியும் வெள்ளை எல்.ஈ.டி.யும் உள்ளே நீலம்தான், மேலே மஞ்சள் பூச்சு. ஆய்வுகூடத்தில் கிடந்தவர்களின் வெளிச்சத்தை வாங்கி வந்து, பூட்டிய ஆய்வுகூடத்தின் வாசலில் தொங்கவிடப் போகிறோமா? வெட்கமாக இல்லையா எமக்கு?

எமது பங்கை நாம் செய்துவிட்டோம். ஆய்வுகூடத் திறப்பு இன்றிலிருந்து ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் தெரியும்படி தொங்குகிறது. கண்ணாடி உடைந்தால் எமது சம்பளத்தில் வாங்கி வைப்போம். மக்னீசியம் நாடாவை உரஞ்சுதாளால் துடைத்துவிட்டோம், இன்னும் நன்றாக எரிகிறது.

உங்களிடம் கேட்பது மூன்றுதான். அடுத்த கூட்டத்தில் முடிவை மறுபடி பேச வாருங்கள், முக்கியமாக உம்மாமார் வாருங்கள். வீட்டில் பழுதாகிக் கிடக்கும் டோர்ச், விளையாட்டுச் சாமான், எல்.ஈ.டி. பல்ப் இருந்தால் எறியாமல் பாடசாலைக்கு அனுப்புங்கள், கழற்றிப் படிப்போம். டியூப் லைட் மட்டும் வேண்டாம், உள்ளே பாதரசம் இருக்கிறது, உடைக்காமல் தனியாக வையுங்கள். கடைசியாக, உங்கள் பிள்ளை இன்றிரவு "இது எப்படி எரியுது?" என்று கேட்டால் "போய்ப் படி" என்று அனுப்பிவிடாதீர்கள். தெரிந்தால் சொல்லுங்கள். தெரியாவிட்டால் நாளைக்கு எங்களிடம் கேட்கச் சொல்லுங்கள்.

"லெப்புக்குள்ள என்னதான் நடக்குது?" என்று கேட்ட வாப்பாவுக்கு: அடுத்த வியாழன் பாடசாலை விட்ட பிறகு வாருங்கள். நான்கு தேசிக்காய் வாங்கி வைத்திருப்போம். உங்கள் மகளே பற்றவைத்துக் காட்டுவாள்.

வஸ்ஸலாம்.